எந்த நாட்டில் மருத்துவராகப் போகிறாய்?

பள்ளி இறுதியாண்டில் இருக்கும் பிள்ளைகள் எனக்கு எழுதும் கடிதங்களில் ஒரே கேள்விதான் வெவ்வேறு வடிவில் வருகிறது. எந்த நாட்டில் மருத்துவ இடம் எளிதாகக் கிடைக்கும்? நான் ஹங்கேரியில் ஆங்கில வழியில் மருத்துவம் படித்தவள். வெளிநாட்டு மாணவியாகவே அந்த ஆறு ஆண்டுகளையும் கழித்தவள் என்பதால் எனக்கு வழி தெரிந்திருக்கும் என்று நம்பி எழுதுகிறார்கள். அந்த நம்பிக்கையை மதிப்பதால்தான் அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்வதில்லை. முதலில் வேறொன்றைக் கேட்கிறேன். படித்து முடித்தபின் எந்த நாட்டில் மருத்துவராக வேலை செய்யப் போகிறாய்?

17 வயதில் அது எப்படித் தெரியும் என்று பெற்றோர் கேட்கிறார்கள். உறுதியாகத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் ஒரு தாளில் மூன்று நாடுகளை எழுதிவிட முடியும். பிறந்த நாடு, படிக்க நினைக்கும் நாடு, பிறகு வாழ விரும்பும் நாடு. இவை வேறுவேறாக இருந்தால், ஒவ்வொன்றிலும் அந்தப் பட்டத்துக்கு என்ன மதிப்பு என்பதைக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். மருத்துவக் கல்லூரி தருவது பட்டம் மட்டுமே. நோயாளியைத் தொடும் உரிமையைத் தருவது அந்தந்த நாட்டின் மருத்துவ மன்றம் அல்லது அரசு. பிரிட்டனில் பொது மருத்துவ மன்றம் அதைச் செய்கிறது. ஜெர்மனியில் மாநில அரசுகள் அப்ரோபாட்சியோன் என்ற உரிமத்தை வழங்குகின்றன. அமெரிக்காவுக்குப் போக விரும்பும் வெளிநாட்டுப் பட்டதாரி முதலில், வெளிநாட்டுப் பட்டங்களைச் சரிபார்க்கும் ஈசிஎஃப்எம்ஜி என்ற அமைப்பின் சான்றிதழைப் பெற வேண்டும். அதற்கு யூஎஸ்எம்எல்இ என்ற அந்நாட்டு உரிமத் தேர்வின் முதல் இரண்டு படிகளைத் தாண்ட வேண்டும். பிறகு ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சி இடத்துக்குப் போட்டியிட வேண்டும்.

இந்த விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். உலக மருத்துவக் கல்விக் கூட்டமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஓர் அமைப்பு உங்கள் கல்லூரியைத் தரச்சான்று செய்திருக்கிறதா என்பதை 2024 முதல் ஈசிஎஃப்எம்ஜி கவனத்தில் எடுத்துக்கொள்கிறது. இன்று விண்ணப்பிக்கும் மாணவர் பட்டம் பெறும்போது ஆறேழு ஆண்டுகள் கடந்திருக்கும். ஆகவே உலக மருத்துவக் கல்லூரிகளின் விவரத்தொகுப்பைத் திறந்து, நினைத்த கல்லூரியின் பக்கத்தை வரிவரியாகப் படிக்கச் சொல்கிறேன். அங்கே பெயர் இருப்பது மட்டும் போதாது. எந்த நாட்டுக்கு என்ன குறிப்பு இருக்கிறது, எந்த ஆண்டு வரைக்கும் என்று பார்க்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் இந்தத் தகவலைப் பார்க்காமலே பல குடும்பங்கள் வீட்டை அடகு வைக்கின்றன. எனக்குக் கோபம் வருவது அந்த இடத்தில்தான்.

ஐரோப்பாவைப் பற்றி ஒரு வாக்கியம் எல்லா விளம்பரத்திலும் வருகிறது: ஓர் ஐரோப்பிய ஒன்றிய நாட்டில் படித்தால் எல்லா நாடுகளிலும் செல்லும். பாதி உண்மை. மருத்துவப் படிப்பு குறைந்தது ஐந்து ஆண்டுகளும் 5,500 மணி நேரமும் இருக்க வேண்டும் என்றும், அப்படிப் பெற்ற பட்டங்களை உறுப்பு நாடுகள் தாமாக ஏற்க வேண்டும் என்றும் ஒன்றியத்தின் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்தச் சட்டம் முதன்மையாக ஒன்றியக் குடிமக்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வெளியிலிருந்து வந்த மாணவருக்குக் குடியுரிமை, விசா, மொழித்தேர்வு என்று வேறு கதவுகளும் உண்டு.

விதிகளை விடப் பெரிய அதிர்ச்சிகளும் வரும். 2020இல் சீனா எல்லையை மூடியபோது விடுமுறைக்கு ஊர் திரும்பியிருந்த வெளிநாட்டு மருத்துவ மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வெளியே சிக்கிக்கொண்டார்கள். மாணவர் விசா மீண்டும் வழங்கப்பட்டது 2022 ஆகஸ்டில். நடுவில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் திரையில் பாடம். உடற்கூற்றியலைத் திரையில் ஓரளவு படிக்கலாம். வீங்கிய கல்லீரலை விரலால் உணர்வதைத் திரையில் படிக்க முடியாது. 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் தொடங்கியபோது கார்கிவிலும் பிற நகரங்களிலும் படித்துக்கொண்டிருந்த பல நாட்டு மாணவர்கள் சுரங்க ரயில் நிலையங்களில் ஒளிந்து, பிறகு எல்லையை நோக்கி நடந்தார்கள். இதையெல்லாம் எந்த மாணவராலும் முன்கூட்டியே கணித்திருக்க முடியாது. ஆனால் ஒன்றை முன்கூட்டியே கேட்க முடியும். நடுவில் நின்றுபோனால் எனக்கு மாற்று வழி உண்டா? மருத்துவப் படிப்பில் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு நடு ஆண்டில் மாறுவது மிகமிகக் கடினம். முதல் ஆண்டிலேயே நோயாளிகளிடம் கற்கும் கிளினிக்கல் பாடங்களைத் தொடங்கும் கல்லூரியும் மூன்றாம் ஆண்டில் தொடங்கும் கல்லூரியும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை.

இனி நாடுகளுக்கு வருகிறேன். அமெரிக்காவையும் கனடாவையும் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம், ஏனென்றால் பள்ளி மாணவருக்கு அங்கே கிட்டத்தட்ட நேர்வழி இல்லை. அமெரிக்காவில் மருத்துவம் என்பது நான்காண்டு இளநிலைப் பட்டத்துக்குப் பிறகு, எம்கேட் என்ற நுழைவுத் தேர்வு எழுதிச் சேரும் படிப்பு. பல கல்லூரிகள் வெளிநாட்டவரை எடுப்பதே இல்லை. எடுக்கும் சிலவும் கட்டணத்துக்கான பணம் கையில் இருப்பதை நிரூபிக்கச் சொல்லும். அரசுக் கல்விக்கடன் அவர்களுக்குக் கிடையாது. பள்ளியிலிருந்தே சேர்த்துக்கொள்ளும் ஒருங்கிணைந்த படிப்புகள் உண்டு, ஆனால் அவற்றில் பெரும்பாலானவை குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் உரியவை. கனடா இதைவிட இறுக்கம். அமெரிக்காவே கனவு என்றால், வேறெங்காவது நல்ல இடத்தில் படித்து ரெசிடென்சிக்குப் போவது பற்றி யோசிக்கச் சொல்வேன்.

பிரிட்டன் அப்படியல்ல. பள்ளி முடித்ததும் ஐந்து அல்லது ஆறு ஆண்டுப் படிப்பு. ஆனால் அங்கே காலம் கறாராக ஓடுகிறது. மற்ற பெரும்பாலான படிப்புகளுக்கு ஜனவரி வரை விண்ணப்பிக்கலாம். மருத்துவத்துக்கு யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பின் வழியாக அக்டோபர் 15க்குள் அனுப்பிவிட வேண்டும், அதுவும் படிப்பு தொடங்குவதற்கு முந்தைய ஆண்டின் அக்டோபரில். விண்ணப்பத்தில் உள்ள ஐந்து இடங்களில் நான்கை மட்டுமே மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் ஒரே ஆண்டில் விண்ணப்பிக்க முடியாது. யூகேட் என்ற நுழைவுத் தேர்வை ஆண்டுக்கு ஒரே முறை, கோடையில் எழுத வேண்டும். அந்த மதிப்பெண் அந்த ஆண்டு விண்ணப்பத்துக்கு மட்டுமே செல்லும். முன்பு ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் கேட்ட பிமேட் தேர்வு 2023 அக்டோபரோடு நின்றுவிட்டது. இப்போது அவையும் யூகேட்தான் கேட்கின்றன. அந்தத் தேர்வும் மாறியிருக்கிறது: வடிவங்களை வைத்துக் கேட்ட பகுதி 2025இல் நீக்கப்பட்டு, மொத்த மதிப்பெண் 2,700 ஆனது. பழைய பயிற்சிப் புத்தகத்தை அக்காவிடமிருந்தோ அண்ணனிடமிருந்தோ வாங்கிப் படிக்கும் மாணவர் 3,600க்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். கவனம் தேவை.

இங்கிலாந்தில் மருத்துவ இடங்களின் எண்ணிக்கையை அரசு கட்டுப்படுத்துகிறது. வெளிநாட்டவருக்கான பங்கு நெடுங்காலமாக 7.5 விழுக்காட்டை ஒட்டியே இருந்துவருகிறது. சில கல்லூரிகள் வெளிநாட்டவரை எடுப்பதில்லை. எனவே மொத்த இடங்களையும் மொத்த விண்ணப்பங்களையும் வகுத்துப் பார்த்து மனத்தைத் தேற்றிக்கொள்வதில் பயனில்லை. உங்கள் வரிசை வேறு, அதன் நீளம் வேறு. நான்கு கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்கும்போது பெயர்ப்புகழைப் பார்க்காமல், ஒவ்வொன்றும் மதிப்பெண், யூகேட், சுயவிளக்கம் ஆகியவற்றில் எதற்கு எவ்வளவு எடை தருகிறது என்று பார்க்கச் சொல்கிறேன். யூகேட்டில் மிக உயர்ந்த மதிப்பெண் வாங்கியவர் அதை முதன்மையாகப் பார்க்கும் கல்லூரிக்குப் போக வேண்டும். பள்ளி மதிப்பெண் சிறப்பாக இருந்து யூகேட் நடுத்தரமாக அமைந்தவருக்கு வேறு கல்லூரிகள் உண்டு. ஒரே மாணவரை ஒரு கல்லூரி நேர்காணலுக்கே அழைக்காது. இன்னொன்று இடம் தரும். இது அதிர்ஷ்டம் அல்ல, கணக்கு.

அயர்லாந்தில் வெளிநாட்டு மாணவருக்கு இடங்கள் கூடுதலாகவே உண்டு. 1784இல் தொடங்கிய டப்ளினின் அரச அறுவை மருத்துவர் கல்லூரி பல நாட்டு மாணவர்களால் நிறைந்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் அங்கே ஹெச்பேட் என்ற தேர்வை எழுத வேண்டியதில்லை. ஆனால் படித்து முடித்ததும் பயிற்சி மருத்துவர் இடங்களில் முன்னுரிமை ஐரோப்பியர்களுக்கு. ஆஸ்திரேலியாவிலும் இதே நிலைதான்: உள்நாட்டு மாணவர்களுக்குப் பயிற்சி இடம் உறுதி, மற்றவர்கள் வரிசையில் பின்னால் நிற்க வேண்டும். பயிற்சி ஆண்டு முடியாமல் முழு உரிமம் இல்லை. விளம்பரத் தாளில் இந்த வரி எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

ஜெர்மனியைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு உற்சாகம் வரும். பெரும்பாலான பொதுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லை; பாடன் வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் ஒரு பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஆறு ஆண்டு மூன்று மாதம் படிப்பு, அதன் கடைசி ஆண்டு முழுக்க மருத்துவமனையில். ஆனால் படிப்பு ஜெர்மன் மொழியில். பெரும்பாலும் சி1 என்ற உயர்நிலை வரை மொழி வேண்டும். உங்கள் பள்ளிச் சான்றிதழ் அவர்களுடையதற்கு இணையில்லை என்றால் ஸ்டூடியன்கொலெக் என்ற ஓராண்டு முன்படிப்பு. ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கான பங்கு சுமார் 5 விழுக்காடு. பணம் குறைவாகவும் பொறுமை மிகுதியாகவும் உள்ள பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்லும் நாடு இதுதான். 15 வயதில் மொழியைத் தொடங்கினால் 18இல் கைக்கு எட்டும். இறுதித் தேர்வு முடிந்தபின் தொடங்கினால் இரண்டு ஆண்டுகளாவது தள்ளிப்போகும்.

இத்தாலியில் ஆங்கில வழியில் படிக்க ஐமேட் தேர்வு. 100 நிமிடத்தில் 60 கேள்விகள். சரியான விடைக்கு 1.5, தவறானதற்கு 0.4 குறையும். பாவியா, மிலான், பொலோனியா போன்ற பொதுப் பல்கலைக்கழகங்களில் குடும்ப வருமானத்தை ஒட்டிய கட்டணம். ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவருக்கு ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் தனி இடங்கள் என்பதால், எந்தப் பல்கலைக்கழகத்தை முதலில் குறிப்பிடுகிறீர்கள் என்பது மதிப்பெண்ணுக்கு இணையாக முக்கியம்.

நான் படித்த ஹங்கேரியில் செகெட், பேச், டெப்ரெட்சென், புடாபெஸ்டின் செம்மெல்வைஸ் ஆகிய நான்கு மருத்துவப் பல்கலைக்கழகங்களிலும் 1980களிலிருந்தே ஆங்கில வழிப் படிப்பு உண்டு. உயிரியலும் வேதியியலும் சார்ந்த நுழைவுத் தேர்வும் ஒரு நேர்காணலும் இருக்கும். சேர்வது பிரிட்டனைவிட எளிது என்று சொல்வார்கள். அந்த எளிமை வாசலோடு முடிந்துவிடும். பெரிய தேர்வுகள் வாய்மொழியில் நடக்கும். மேசைமேல் கவிழ்த்து வைத்த சீட்டுகளிலிருந்து ஒன்றை எடுத்து, அதில் இருக்கும் தலைப்பைப் பற்றிப் பேராசிரியர் முன் பேச வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளில் என்னோடு சேர்ந்த பலர் திரும்பிப் போனார்கள்.

ஆனால் பள்ளி மாணவர்கள் யாரும் கேட்காத விஷயம் நோயாளியின் மொழி. வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும், வார்டில் படுத்திருப்பவருக்கு ஆங்கிலம் தெரியாது. எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, இருமும்போது சளி வருகிறதா என்று ஹங்கேரிய மொழியில் கேட்க யாரும் ஒரு பருவத்தில் கற்றுக்கொள்ளலாம். கேள்வி கேட்பது எளிது. பதில்தான் சிரமம். வயதான ஒருவர் தம் வலியை வலி என்றே தொடங்குவதில்லை. மகள் வேறு ஊருக்குப் போனதிலிருந்து, குளிர்காலத்தில் படியில் விழுந்ததிலிருந்து தொடங்குவார். நோய்க்கான முக்கியக் குறிப்பு அந்தக் கதையின் நடுவில் ஒரு சொல்லாக வந்து போகும். அதைப் பிடிக்கும் அளவுக்கு மொழி தெரிந்த மாணவர் மருத்துவம் கற்கிறார். தெரியாதவர் மற்றவர்கள் கற்பதைப் பின்வரிசையில் நின்று பார்க்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே பட்டம் கிடைக்கும், ஆனால் கைகள் ஒன்றல்ல. ஆங்கில வழி என்று சொல்லும் எந்த நாட்டுக்கும் இது பொருந்தும். முதல் வாரத்திலிருந்தே கடைக்காரரிடமும் பக்கத்து வீட்டுப் பாட்டியிடமும் அவர்கள் மொழியில் பேசத் தொடங்குங்கள். மொழி வகுப்பில் தேறுவதற்காகப் படித்தவர்கள் யாரும் வார்டில் நிமிர்ந்து நிற்கவில்லை.

நேர்காணலுக்கு வருகிறேன். நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2000களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை இன்று பல நாடுகளில் பரவியிருக்கிறது. ஒரே நீண்ட உரையாடலுக்குப் பதில், பல சிறு அறைகள்; ஒவ்வொன்றிலும் சில நிமிடம், ஒரு சூழல், ஒரு மதிப்பீட்டாளர். ஓர் அறையில் சொதப்பினாலும் அடுத்த அறையில் இருப்பவருக்கு அது தெரியாது. கூச்சமுள்ள பிள்ளைகளுக்கு இந்த முறை நியாயம் செய்கிறது என்பது என் எண்ணம்.

பயிற்சியில் நான் அடிக்கடி தரும் சூழல் இது: உன்னோடு படிக்கும் நண்பன் காலையில் மது வாடையோடு வார்டுக்கு வருகிறான். என்ன செய்வாய்? நன்றாகத் தயாரித்த மாணவர் உடனே மருத்துவ அறத்தின் நான்கு நெறிகளை ஒப்பிக்கிறார்: தன்னாட்சி, நன்மை செய்தல், தீங்கிழைக்காமை, நீதி. சொல்வது சரி, ஆனால் அந்த நண்பன் அந்த அறையிலேயே இல்லை. இன்னொரு மாணவி ஒருமுறை சற்று யோசித்துவிட்டு, "முதலில் அவனை நோயாளியின் படுக்கையிலிருந்து தள்ளி அழைத்துப் போவேன் அக்கா. பிறகு நேற்று என்ன நடந்தது என்று கேட்பேன்" என்றாள். நோயாளியின் பாதுகாப்பு முதலில் வந்துவிட்டது, நண்பனும் மனிதனாகவே இருந்தான். மூத்த மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பதை நான் தூண்டிக் கேட்டபின்தான் சேர்த்தாள். அது பரவாயில்லை. ஒழுங்கைக் கற்றுக்கொடுக்க முடியும். அவளுக்கு அந்த வரிசை எப்படி வந்தது என்று விசாரித்தேன். முதியோர் இல்லம் ஒன்றில் வாரம்தோறும் உணவு ஊட்டிவிடப் போகிறாளாம்.

மருத்துவ அனுபவம் என்றதும் பிள்ளைகள் அறுவை அரங்கைத் தேடுகிறார்கள். உறவினர் மருத்துவர் யாராவது உள்ளே அழைத்துப் போவாரா என்று அலைகிறார்கள். பிரிட்டன் மருத்துவக் கல்லூரிகளே மருத்துவமனைதான் வேண்டும் என்று சொல்வதில்லை. முதியோர் இல்லம், மாற்றுத்திறன் குழந்தைகளின் பள்ளி, நோயுற்ற பாட்டியைக் கவனித்த மாதங்கள், எல்லாமே கணக்கில் வரும், அவற்றிலிருந்து என்ன புரிந்துகொண்டீர்கள் என்று சொல்ல முடிந்தால். சுயவிளக்கத்தில் பத்து இடங்களின் பெயரை அடுக்கியவரைவிட, ஒரே முதியவர் ஏன் மாத்திரையைத் துப்பினார் என்று யோசித்து எழுதியவரின் பக்கம் என் கவனம் நிற்கும்.

பணத்தைப் பற்றிப் பெற்றோரிடம் நான் நேரடியாகப் பேசுவேன், பிள்ளையையும் உட்காரவைத்து. விளம்பரத்தில் இருப்பது முதல் ஆண்டுக் கட்டணம். அது ஆண்டுதோறும் ஏறுமா, கிளினிக்கல் ஆண்டுகளில் தனி விகிதமா, ஓர் ஆண்டு தோற்றால் மறுபடி முழுக் கட்டணமா, இடையில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஆறு ஆண்டுப் படிப்பு ஏழாகலாம் என்று வைத்தே கணக்கிடுங்கள். உரிமத் தேர்வுகளுக்கும் அதற்கான பயணங்களுக்கும் தனியாகப் பணம் வேண்டும். ஏஜென்ட் வழியாகப் போவதில் தவறில்லை, ஆனால் அவருக்குச் சம்பளம் தருவது யார் என்று கேளுங்கள். கல்லூரி தருகிறது என்றால், அவர் சொல்லும் ஐந்து கல்லூரிகளும் ஏன் அந்த ஐந்தாக இருக்கின்றன என்று புரியும். "நுழைவுத் தேர்வு வேண்டாம், அடுத்த வாரத்துக்குள் பணம் கட்டுங்கள்" என்று எவர் சொன்னாலும் அந்த வாரம் முடியட்டும், நகராதீர்கள்.

இடம் கிடைக்காமல் போனவர்களும் எழுதுகிறார்கள். மார்ச், ஏப்ரலில் வரும் அந்தக் கடிதங்களுக்கு நான் மற்றவற்றுக்கு முன் பதில் எழுதுவேன். நான்கு கல்லூரியும் மறுத்த பிறகு யூகாஸின் ஐந்தாவது இடமாகப் போட்ட உயிர்மருத்துவ அறிவியலில் சேர்வதா, ஓராண்டு காத்திருப்பதா என்பது பெரும்பாலும் கேள்வி. உயிர்மருத்துவத்தில் சேர்ந்து பட்டதாரி வழியில் மருத்துவத்துக்கு வரலாம் என்று சொல்லப்படுவது உண்மை. ஆனால் வெளிநாட்டவருக்கு அந்த வழி இன்னும் குறுகலானது, மூன்று ஆண்டுக் கட்டணமும் போயிருக்கும். அந்தப் பாடத்தை அதற்காகவே விரும்பினால் மட்டும் சேரச் சொல்கிறேன். இல்லையென்றால் ஓராண்டு நிற்பதே மேல். நேர்காணல் வரை போய் இடம் கிடைக்காதவர் கிட்டத்தட்ட வந்துவிட்டவர். அவருக்கு நேர்காணல் பயிற்சி வேண்டும். நேர்காணல் அழைப்பே வராதவர் தம் கல்லூரித் தேர்வையும் யூகேட்டையும் பார்க்க வேண்டும். சில கல்லூரிகள் இரண்டாம் முறை விண்ணப்பிப்பவரையோ, பள்ளித் தேர்வை மறுபடி எழுதியவரையோ ஏற்பதில்லை. அவற்றைப் பட்டியலிலிருந்து முதலிலேயே நீக்கிவிடுங்கள். அந்த ஆண்டில் ஒரு மொழியைத் தொடங்குங்கள், வாரம் ஒரு நாளாவது உதவி தேவைப்படும் ஒருவரின் அருகில் உட்காருங்கள், யூகேட் தேர்வுக்கான முன்பதிவு தொடங்கும் அன்றே இடத்தைப் பதிந்துவிடுங்கள். கடிதத்தோடு மதிப்பெண் பட்டியலையும் கல்லூரிகள் அனுப்பிய மறுப்புக் குறிப்புகளையும் இணைத்து அனுப்பினால், எங்கே தடுக்கியது என்று நானும் சேர்ந்து பார்க்கிறேன்.